பதினொன்றாம் எண்ணை விட்டுவிடுங்கள்

ஓசூர்
6.7.1986

அன்புத் தங்கை வெங்கடம்மாளுக்கு அண்ணன் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி சென்னம்மாவும் மகள் பவளமும் சுகமாக இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மாப்பிள்ளை ராமப்பனுக்கு முதுகுவலி குறைந்ததா? ரயில்வே ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்று சொல்.

ஒரு நல்ல சேதி. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் என்னைக் கூடைப்பந்து கோச்சாகப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்குத் தற்காலிகம். தொழிற்சாலையில் முதல் ஷிஃப்ட் முடித்து பஸ் ஏறினால் நாலு மணிக்கு கிரவுண்டில் நிற்கலாம். இந்த வருஷம் சேலம், தருமபுரி இரண்டு மாவட்டக் கல்லூரிகளுக்கான கோப்பையை வாங்கிக் கொடுத்தால் நிரந்தரம் என்று பிரின்சிபால் வாக்கு கொடுத்திருக்கிறார். மெஷின் முன்னால் நின்று நின்று எனக்கும் அலுத்துவிட்டது. மாநில அணிக்குக் கேப்டனாக இருந்தவன் என்று அங்கே யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஆனால் நான் இந்த வேலையை ஏற்றதற்குக் காரணம் அது இல்லை. பெருமாளை உனக்குத் தெரியும். கல்லூரியில் நான் ஆடும்போது பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவன். மூன்று வருஷத்தில் மொத்தமாக இருபது நிமிடம் ஆடியிருப்பானா என்பதே சந்தேகம். அவன் பாட்டியாலா போய் கோச்சிங் டிப்ளமோ வாங்கிவந்து இன்றைக்கு உங்கள் சேலத்துக் கல்லூரியில் கோச். அந்த வேலைக்கு நானும் மனுப் போட்டிருந்தேன். போன மாதம் விளையாட்டு ஆசிரியர்கள் கூட்டத்தில் மேடையேறிப் பேசியிருக்கிறான். "பெரிய ஆட்டக்காரங்க நல்ல கோச்சா வர மாட்டாங்க. நம்ம கிருஷ்ணப்பனையே எடுத்துக்குங்க. பந்து எப்படி உள்ள போச்சுன்னு அவருக்கே தெரியாது. பசங்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பாரு?" என்றானாம். சபையே சிரித்ததாம். பேப்பரிலும் இரண்டு வரி வந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

சோற்றில் கை வைத்தால்கூட அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. அவன் டீமை அவன் கண்ணெதிரே மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அதே மேடையில் அதே வாயால் அவன் என்னைப் புகழ வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

ராயக்கோட்டை தக்காளி ஒரு கூடை ரயில் கார்டு மூலம் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் அண்ணன்
கிருஷ்ணப்பன்


சேலம்
15.7.1986

அன்புள்ள அண்ணாவுக்கு வெங்கடம்மாள் வணக்கம். உங்கள் கடிதமும் தக்காளியும் ஒரே நாளில் வந்தன. கூடையில் அடியில் இருந்தது நசுங்கிப்போனது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. எல்லோரும் சுகம். அவருக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் ஓய்வதில்லை. அண்ணியையும் பவளத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பவளம் ஒன்பதாவது வந்துவிட்டாளா? பள்ளிக்கூடத்தில் பந்து ஆடுகிறாள் என்று அண்ணி போன தடவை சொன்னாள். கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பெருமாள் பேசியது தப்பு. பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லவா? அவர் டீம் பழகுவது எங்கள் குவார்ட்டர்ஸ் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான். துவைக்கிற கல்மேல் ஏறி நின்றால் இரண்டு ரிங்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாரம்மா, "என்னாக்கா, நாலு துணி காயப்போட ஒரு மணி நேரமா?" என்று தினமும் கேலி செய்கிறாள்.

நானும் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் ஆடியவள்தானே. மாநில முகாமுக்கு என் பெயர் வரும் என்று டிரில் மாஸ்டர் மாடசாமி சார் அடித்துச் சொன்னார். வரவில்லை. நாம் அவ்வளவுதான் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். பிறகு பந்தைத் தொடவில்லை. பார்ப்பதை மட்டும் இன்னும் விட முடியவில்லை.

உங்கள் டீம் ஜெயிக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை
வெங்கடம்மாள்


ஓசூர்
10.8.1986

தங்கை வெங்கடம்மாளுக்கு ஆசீர்வாதம். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. பவளத்துக்குக் கொஞ்சம் சளி. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பட்ட அவமானத்தை யாரிடம் சொல்ல? போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தொழிற்சாலை டீமோடு சிநேக ஆட்டம் வைத்தேன். முப்பது பாயின்டில் தோற்றோம். பையன்கள் சோம்பேறிகள் இல்லை. ஜவளகிரியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் வருகிற காட்டு உடம்புக்காரப் பையன்கள், ஓடச் சொன்னால் பொழுது சாயும்வரை ஓடுவார்கள். ஆனால் நான் செய்து காட்டுவதை ஒருவனாலும் செய்ய முடியவில்லை. நானே பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, குதித்துப் போட்டுக் காட்டினேன். கை தட்டுகிறார்கள்! கேப்டன் ஆஞ்சப்பன் வந்து, "சார், அந்த ரெண்டாவது ஆள எப்படி சார் தாண்டுனீங்க? எந்தக் கால முன்ன வெச்சீங்க?" என்று கேட்டான். எந்தக் காலை வைத்தேன் என்று யார் பார்த்தார்கள்? "தாண்டுனா தாண்டிடும்டா, போய் ஆடுடா" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பெருமாள் சொன்னதுதான் நெஞ்சை அறுத்துக்கொண்டே வந்தது.

நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தக் கல்மேல் ஏறி நின்று பெருமாள் என்ன சொல்லிக் கொடுக்கிறான், எந்தப் பையன் எப்படி ஆடுகிறான் என்று பார்த்து எனக்கு எழுது. எந்த நம்பர், எந்தக் கை, எல்லாம் எழுது. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். ஊரில் தெரிந்தால் கேவலம். அண்ணனுக்காக இதைச் செய்.

கிருஷ்ணப்பன்


சேலம்
24.8.1986

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். பவளத்துக்குச் சளி விட்டதா? துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே சின்னவனுக்குப் பல் விழுந்தது, வேறு விசேஷம் இல்லை.

பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பதினொன்றாம் எண் போட்ட நெட்டைப் பையன்தான் அவர்களுக்கு எல்லாம். இடதுகைக்காரன். இடப்பக்கம் விட்டால் தடுக்க முடியாது. வலப்பக்கம் தள்ளினால் பந்தை வைத்துக்கொண்டு முழிக்கிறான். நாலாம் எண் கேப்டன். பாஸ் கொடுப்பதற்கு முன்னால் தோளைத் தாழ்த்துவான், அதைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பெருமாள் ஆறு பேரைத்தான் நம்புகிறார், மற்றவர்களை இறக்குவதே இல்லை. அதனால் கடைசி எட்டு நிமிடத்தில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளுகிறது. நீங்கள் முதல் பாதியில் பந்தை மெதுவாகச் சுற்றவிடுங்கள். பின்னால் அடித்து ஓடுங்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் பையன்களுக்குப் பந்து கையில் இருக்கும்போது என்ன செய்வது என்று காட்டுகிறீர்கள். ஆட்டத்தில் ஒருவன் கையில்தான் பந்து இருக்கும், மற்ற நாலு பேரும் வெறுங்கையோடு நிற்பார்கள். அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் பெருமாள் மாலை முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறார். அது உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் குற்றம் இல்லை. பந்து எப்போதும் உங்கள் கையில்தான் இருந்தது. சின்ன வயதில் கெலமங்கலத்தில் தினமும் உங்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவள் நான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பெருமாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு தாளில் ஐந்து வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். பந்து இல்லாத நாலு பேரும் எப்படி நகர வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஆஞ்சப்பனிடம் கொடுங்கள். காலைப் பற்றிக் கேட்கிற பையனுக்கு இது புரியும்.

அன்புடன்
வெங்கடம்மாள்


ஓசூர்
9.11.1986

என் அருமைத் தங்கைக்கு! எல்லோரும் சுகம், சுகம், சுகம். உங்கள் எல்லோருக்கும் வீடு நிறைய மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாலும் என் மனசு ஆறாது.

ஜெயித்துவிட்டோம்! நேற்று தருமபுரியில் லீக் ஆட்டம். 58க்கு 55. நீ எழுதியபடியே பதினொன்றாம் எண்ணை வலப்பக்கம் தள்ளித் தள்ளியே அடைத்தோம். முழித்தான் பார், அப்படி முழித்தான்! கடைசியில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது, ஆஞ்சப்பன் ஓடி ஓடிப் போட்டான். பெருமாள் முகத்தை நீ பார்க்க வேண்டுமே, வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி இருந்தான். இன்னும் ஃபைனல் இருக்கிறது. அநேகமாக அதிலும் அவன்தான் வருவான். ஜனவரி 18, ஞாயிறு, நம் ஓசூரிலேயே.

பேப்பர்காரர் வந்து கேட்டார். "பெரிய ஆட்டக்காரன் கோச்சாக முடியாதுன்னு சொன்னவங்களுக்கு இதுதான் பதில். ஆட்டத்தைப் பார்த்த உடனே எதிராளியோட ஓட்டை எங்க இருக்குதுன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்" என்றேன். போட்டோவோடு வந்திருக்கிறது. கத்தரித்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது பார்க்கலாம்.

வீட்டில் ஒரே ஒரு தலைவலி. பவளத்தை மாநில ஜூனியர் பெண்கள் முகாமுக்கு அழைத்து மெட்ராஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஜனவரி 20 தொடக்கமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் கொடுத்தாள். நான் பவளத்திடம் காட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேதி தாண்டினால் தானாக அடங்கிவிடும். வயசுக்கு வந்த பெண் அரை டிராயர் போட்டு ஊர் ஊராகக் குதிப்பதைப் பார்க்க நான் தயாராக இல்லை. அன்றைக்கு உனக்கு வந்ததையும் நான் அப்படித்தான் செய்தேன். மாடசாமி சார் மாற்றலாகிப் போகிற அன்றைக்கு என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் காட்டவே இல்லை. அவர் விவரம் தெரியாத மனிதர், காட்டியிருந்தால் அனுப்பியே இருப்பார். இப்போது உனக்கு என்ன குறை? தங்கமான மாப்பிள்ளை, குவார்ட்டர்ஸ் வீடு, இரண்டு பிள்ளைகள். எது நல்லது என்று பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

ஃபைனலுக்கு முன்னால் மறுபடி ஒரு தடவை நன்றாகப் பார்த்து எழுது. இந்தத் தடவை அவனை எழுந்திருக்க முடியாமல் அடிக்க வேண்டும்.

கிருஷ்ணப்பன்


ஓசூர்
30.11.1986

தங்கை வெங்கடம்மாளுக்கு. நாங்கள் நலம். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லையே. பிள்ளைகளுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா? மாப்பிள்ளை முதுகு எப்படி?

நினைத்தபடியே ஃபைனலில் பெருமாள்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு, "அவங்க ஆளுங்க யாரோ நம்ம கிரவுண்ட வேவு பாத்துருக்காங்க" என்று யாரிடமோ சொன்னானாம். பொறாமை. உடனே எழுது.

கிருஷ்ணப்பன்


ஓசூர்
14.12.1986

வெங்கடம்மா, எல்லோரும் சுகம்தானே? இந்த கார்டு கண்டதும் பதில் போடு. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. பையன்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தினமும் ஓட்டம் மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். "சார், சேலம் டீம் இப்ப எப்பிடி ஆடுறாங்க சார்?" என்று ஆஞ்சப்பன் பிடுங்கி எடுக்கிறான். அண்ணனைக் கைவிடாதே.

கிருஷ்ணப்பன்


சேலம்
22.12.1986

அன்புள்ள அண்ணாவுக்கு வெங்கடம்மாள் வணக்கம். நீங்களும் அண்ணியும் பவளமும் சுகமாக இருக்க அம்மன் அருள் செய்யட்டும். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். உடம்பு கொஞ்சம் சரியில்லை. இப்போது தேவலாம்.

நீங்கள் நவம்பரில் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

கேட்டபடி டீமைப் பார்த்தேன். முன்னைவிட மோசம். பதினொன்றாம் எண் பையனுக்கு மணிக்கட்டில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறான். பெயருக்குத்தான் இறக்குவார்கள். பதினொன்றாம் எண்ணை விட்டுவிடுங்கள். அவனுக்கு ஆள் போட்டு வீணாக்க வேண்டாம். நாலாம் எண்மேல் இரண்டு பேரைப் போட்டால் மற்றவர்களுக்குப் பந்தே போகாது. பெருமாள் இன்னும் அதே ஆறு பேரை வைத்துத்தான் ஓட்டுகிறார். அவர்களும் அலுத்துப்போயிருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை முதல் நிமிடத்திலிருந்தே அடித்து ஓடுங்கள். பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் படுத்துவிடுவார்கள். நடுவில் அவர்கள் முந்துகிற மாதிரி தெரிந்தாலும் மாற்றாதீர்கள். களைப்பு கட்டாயம் வரும்.

அண்ணியை நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள். 18ஆம் தேதி ஆட்டம் எத்தனை மணிக்கு? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வெங்கடம்மாள்


ஓசூர்
4.1.1987

என் தங்கைக்கு ஆசீர்வாதம். புது வருஷத்தில் நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. எல்லாம் நீ எழுதியபடியே பழகுகிறோம். ஆஞ்சப்பன் மட்டும், "சார், அந்தப் பதினோரு நம்பர சும்மா விட்டா பயமா இருக்குது சார். ஒரு ஆளாவது போடலாம் சார்" என்றான். "உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? எனக்கு வர்ற தகவல் உனக்கு வருமா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். கோச் என்றால் உறுதி வேண்டும்.

ஆட்டம் சாயங்காலம் மூன்று மணிக்கு. வி.ஐ.பி. எல்லாம் வருகிறார்கள். பேப்பர்காரரும் வருகிறார். ஆட்டம் முடிந்ததும் மைக்கை வாங்கி, பெருமாளை மேடைக்குக் கூப்பிட்டு, "இப்ப சொல்லுங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்கப்போகிறேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது இப்போதே என் கண்ணுக்குத் தெரிகிறது.

பொங்கலுக்குப் பவளத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறேன். முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள். எல்லாம் சரியாகிவிடும்.

கிருஷ்ணப்பன்


ஓசூர்
21.1.1987

வெங்கடம்மாளுக்கு. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். என் நலத்தைக் கேட்காதே.

79க்கு 41. சொந்த ஊரில், சொந்த ஜனம் பார்க்க.

பதினொன்றாம் எண் பையன் கையில் கட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வலது கையாலும் போடுகிறான், இடது கையாலும் போடுகிறான். தனியாக 34 பாயின்ட். பெருமாள் பத்து ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினான். பதினைந்தாம் நிமிடத்திலேயே என் பையன்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இதோ களைத்துவிடுவார்கள், இதோ களைத்துவிடுவார்கள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். இடைவேளையில் ஆஞ்சப்பன் கண்ணில் தண்ணீரோடு, "கால்ல வுழறேன் சார், பதினோரு நம்பர் மேல என்னைப் போடுங்க சார். நான் புடிச்சிடறேன்" என்றான். நான் மாட்டேன் என்றேன். மாற்றாதீர்கள் என்று நீ எழுதியிருந்தாயே.

ஆட்டம் முடிந்ததும் பெருமாளே வந்து என் கையைப் பிடித்தான். "விடுங்கண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிரின்சிபால் இந்த மாதத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

உனக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. கோப்பை ஜெயித்தால் டீமில் இரண்டு பேருக்கு வேலை தருவதாக ஓசூரில் ஒரு தொழிற்சாலை மேனேஜர் சொல்லியிருந்தார். ஆஞ்சப்பனையும் மாரப்பன் என்ற பையனையும்தான் சொல்லியிருந்தார். ஆஞ்சப்பன் அப்பா குவாரியில் கல் உடைக்கிற ஆள். அந்த வேலை போய்விட்டது. அந்தப் பையன் இன்று கிரவுண்டுக்கு வந்து பந்துகளை எண்ணி ரூமில் வைத்துவிட்டுப் போனான்.

இதற்கெல்லாம் மேலே, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் பவளம் இல்லை. சென்னம்மாவைக் கேட்டால், "போக வேண்டிய எடத்துக்குப் போயிருக்குறா" என்கிறாள். எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறாள். பதினாறு வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. அங்கே வந்தாளா? நீ என்னதான் பார்த்தாய்? எப்படி இவ்வளவு தப்பாகப் பார்த்தாய்? உடனே எழுது.

கிருஷ்ணப்பன்


மெட்ராஸ், பெரம்பூர்
2.2.1987

கிருஷ்ணப்பனுக்கு வெங்கடம்மாள் எழுதுவது.

நான் சுகம். பவளமும் சுகம். என்னோடுதான் இருக்கிறாள். உன் கடிதம் சேலம் போய், அவர் இங்கே திருப்பி அனுப்பினார். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் அவருடைய அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். காலையும் மாலையும் முகாம். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அண்ணி கையெழுத்து இருக்கிறது. பாதுகாவலர் இடத்தில் என்னுடையது. நீ சட்டைப்பையில் வைத்த கடிதத்தை, துவைக்கப் போட்டபோது அண்ணி எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். டிசம்பரில் நான் எழுதிக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து எனக்குப் பதில் எழுதினாள். நீ மூன்று மணிக்கு கிரவுண்டில் இருந்தபோது நாங்கள் உன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

நான் தப்பாகப் பார்க்கவில்லை. சரியாகப் பார்த்துத் தப்பாக எழுதினேன். பதினொன்றாம் எண் பையனுக்கு தருமபுரி ஆட்டத்துக்கு மறுநாளே பெருமாள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டார். ஒன்றரை மாதம் வலது கையால் மட்டும் ஆடவிட்டார். நீ நம்ப வேண்டும் என்பதற்காக என் கடிதத்தில் அந்தக் கட்டை மணிக்கட்டுக்கு மாற்றினேன். அவர் பத்துப் பேரைத் தயார் செய்ததும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் யோசித்து எழுதினேன். உன் டீம் எத்தனையாவது நிமிடத்தில் விழும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பதினெட்டு என்று நினைத்தேன். பதினைந்திலேயே விழுந்துவிட்டது.

உன் நவம்பர் கடிதத்தைப் படித்த அன்றைக்கு அடுப்பில் களி கருகிப்போனது. பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனார்கள். பதினேழு வருஷம், கிருஷ்ணப்பா. பதினேழு வருஷம் நான் லாயக்கில்லாதவள் என்று நானே நம்பிக்கொண்டு இருந்தேன். எனக்கு ஆட்டம் வரவில்லை, அதனால் கூப்பிடவில்லை என்று. டிரில் மாஸ்டர் என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொன்னார் என்று அந்த நல்ல மனிதரைக்கூடத் திட்டியிருக்கிறேன். நீ அதைக் காய்கறி விலை எழுதுவது மாதிரி ஒரு ஓரத்தில் எழுதியிருந்தாய். அப்பா அனுப்பியிருப்பார் என்று வேறு எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகவே உன்னை என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது.

பெருமாள் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். பெரிய ஆட்டக்காரன் நல்ல கோச்சாக வரலாம். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு, சொல்லிக் கொடுத்தவர் பெயரைச் சொன்னால் வரலாம். நீயும் கேட்டாய். வாங்கிக்கொண்டு போட்டோவில் நின்றாய். தருமபுரியில் ஜெயித்த டீமுக்குக் கோச் நான். ஓசூரில் தோற்ற டீமுக்கும் கோச் நான்தான். பொய் எழுதியது என் குற்றம். நாற்பது நிமிடம் கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தும், அந்தப் பையன் காலில் விழுகிறேன் என்று கெஞ்சியும், காகிதத்தையே பிடித்துக்கொண்டு நின்றாயே, அதை நான் எழுதவில்லை. நீ எப்படியும் பாதியில் மாற்றிவிடுவாய், பத்துப் பாயின்டில் தோற்பாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஞ்சப்பன் வேலை விஷயத்தை நீ முன்னமே எழுதியிருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். செய்திருப்பேன். அந்த மாதம் என் மனசு அப்படித்தான் இருந்தது. ஒரு குற்றமும் செய்யாத இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பாவம் எனக்கு உண்டு. மறுக்கவில்லை.

பவளம் தேறுவாளா என்று இன்னும் தெரியவில்லை. நாளை மறுநாள் பலகையில் பெயர் ஒட்டுவார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளே போய்த் தன் கண்ணால் பார்த்துக்கொள்வாள். உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

நீ ஒன்று செய். கிருஷ்ணகிரிக்குப் போய் அந்தப் பையன்களை கிரவுண்டில் உட்கார வைத்து உண்மையைச் சொல். நம்மைத் தோற்கடித்தது பெருமாள் இல்லை, என் தங்கை என்று சொல். ஜெயிக்க வைத்ததும் அவள்தான் என்று சொல். இந்த மாதம் முடிவதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நானே பஸ் ஏறி வந்து சொல்வேன். என்னைத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆஞ்சப்பன் கெட்டிக்காரப் பையன், அதோடு விடமாட்டான். "சொந்தத் தங்கச்சி எதுக்கு சார் அப்பிடிப் பண்ணாங்க?" என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ.

வெங்கடம்மாள்